ஒருவர் செய்ததற்கு ஊருக்கே தண்டனை

அந்தமானுக்குச் சுற்றுலா போகிற நம்மவர்கள் செல்லுலார் சிறையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரை ஒட்டியுள்ள புரோத்ராபூர் பக்கம் அவர்களில் யாரும் போவதில்லை. அங்கே இருப்பது இன்றைய மாவட்டச் சிறை. உள்ளே இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கு எண் உண்டு, வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. தென் அந்தமானிலேயே இன்னும் உள்ளே தள்ளி ஹம்ஃப்ரிகஞ்ச் என்றோர் ஊர். 1944 ஜனவரி 30 அன்று ஜப்பானியப் படை செல்லுலார் சிறையிலிருந்து 44 பேரை அங்கே கொண்டுபோய்ச் சுட்டுக் குழியில் தள்ளியது. இந்த உரிமைகளில் ஒன்றுகூட அவர்களுக்கு இருக்கவில்லை.

அவர்கள் மீது சொல்லப்பட்ட குற்றம், பிரிட்டிஷாருக்கு உளவு சொன்னார்கள் என்பது. இறந்தவர்களில் பெரும்பாலோரோ இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்தவர்கள், அதாவது பிரிட்டிஷ் ஆட்சி ஒழிய வேண்டும் என்று நினைத்தவர்கள். சரியாக ஒரு மாதத்துக்கு முன்புதான், 1943 டிசம்பர் 30 அன்று, நேதாஜி போர்ட் பிளேயரில் தேசியக் கொடியை ஏற்றினார். அந்த நாளில் லீக்கின் அந்தமான் தலைவர் டாக்டர் திவான் சிங் செல்லுலார் சிறைக்குள் சித்திரவதைக்கு ஆளாகிக்கொண்டிருந்தார். ஜனவரி 14 அன்று அவர் இறந்தார். அடுத்த 16-வது நாள் ஹம்ஃப்ரிகஞ்ச்.

உளவு நடக்கவில்லையா என்றால், நடந்தது. 1943 ஜனவரியில் மேஜர் டெனிஸ் மெக்கார்த்தி தலைமையில் ஒரு சிறு குழு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து இறங்கிக் காட்டுக்குள் மறைந்திருந்தது. மெக்கார்த்தி இதே தீவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். அந்தக் குழுவை ஜப்பானியர்களால் பிடிக்க முடியவில்லை. கப்பல்கள் தாக்கப்பட்டன, தகவல் எப்படியோ வெளியே போகிறது என்ற ஆத்திரம் மட்டும் மிஞ்சியது. கைக்கு எட்டியவர்கள் ஊர்க்காரர்கள்தான். எனவே அவர்கள் பிடிபட்டார்கள்.

இப்படித்தான் நடக்கும் என்பதற்கு அறிகுறி தொடக்கத்திலேயே தெரிந்தது. ஜப்பானியர்கள் வந்திறங்கியது 1942 மார்ச் 23. கோழி பிடிக்க வீடுகளுக்குள் நுழைந்த சிப்பாய்களை நோக்கி ஜுல்ஃபிகர் அலி என்ற இளைஞர் ஏர் கன்னால் சுட்டார். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆள் கிடைக்காதவரை அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். ஆள் கிடைத்ததும் ஊர் பார்க்க, கைகளை முறுக்கி ஒடித்துவிட்டுச் சுட்டுக் கொன்றார்கள்.

போரில் பதிலடி என்று நாம் சாதாரணமாகச் சொல்வது இதைத்தான். சர்வதேசச் சட்டம் அந்தப் பெயரில் அனுமதித்ததோ மிகக் குறுகலான ஒன்று. எதிரி போர் விதியை மீறுகிறான். நிறுத்து என்று கேட்டும் அவன் நிறுத்தவில்லை. வேறு வழியே இல்லை. அந்த நிலையில், மற்ற நேரத்தில் சட்டவிரோதமாகிற ஒரு செயலை, அவனை விதிக்குத் திரும்பக் கொண்டுவரும் நோக்கத்துக்காக மட்டும் செய்யலாம். முன்னெச்சரிக்கை தர வேண்டும், மேலிடம் முடிவெடுக்க வேண்டும், அவன் செய்ததற்கு மிஞ்சிப் போகக் கூடாது, அவன் நிறுத்தியதும் நாமும் நிறுத்த வேண்டும். வஞ்சம் தீர்ப்பதற்கு இதில் இடமே இல்லை.

இந்த விதிகளுக்கு வடிவம் கொடுத்தது நவுலீலா வழக்கு. 1914-ல் அங்கோலாவில் நவுலீலா என்ற போர்த்துகீசியக் காவல் நிலையத்தில், மொழி புரியாமல் நேர்ந்த குழப்பத்தில் மூன்று ஜெர்மானியர்கள் கொல்லப்பட்டார்கள். ஜெர்மன் படை போர்த்துகீசியக் கோட்டைகளைத் தாக்கியது. 1928-ல் நடுவர் மன்றம் ஜெர்மனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது: போர்த்துகல் முதலில் சட்டத்தை மீறவில்லை, ஜெர்மனி பரிகாரம் கேட்கவில்லை, நடந்ததற்கும் திருப்பிச் செய்ததற்கும் பொருத்தமே இல்லை.

அந்த அளவுகோலை ஹம்ஃப்ரிகஞ்சில் வைத்துப் பார்த்தால் எதுவுமே தேறாது. ஒற்றரை அனுப்புவது போர்ச் சட்டத்தை மீறுவதாகாது. பிடிபட்ட ஒற்றரைக்கூட விசாரிக்காமல் தண்டிக்கக் கூடாது என்று 1907 ஹேக் விதிகள் சொல்கின்றன. தனிமனிதர்கள் செய்ததற்காக மக்கள் அனைவர் மீதும் பொதுத் தண்டனை விதிக்கக் கூடாது என்பதும் அதிலேயே 50-வது விதி. அந்த ஒப்பந்தத்தை ஜப்பானும் ஏற்றிருந்தது. ஆகவே ஹம்ஃப்ரிகஞ்சில் நடந்ததைப் பதிலடி என்று சொல்வதே தவறு. அது படுகொலை.

இதில் ஜப்பானை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது. 1867-ல் ஒரு கப்பலின் மாலுமிகள் சின்ன அந்தமானில் காணாமல் போனதற்காக பிரிட்டிஷ் படை அங்கே போய் ஓங்கே பழங்குடியினரைச் சுட்டுத் தள்ளியது. அந்தப் பயணத்தில், கொந்தளித்த கடலிலிருந்து சகாக்களை மீட்டதற்காக ஐந்து பேருக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். இறந்த ஓங்கேக்களின் பெயர் யாருக்கும் தெரியாது. ஐரோப்பாவுக்குள்ளும் இதே கதைதான். ஹம்ஃப்ரிகஞ்சுக்கு இரண்டு மாதம் கழித்து, ரோமில் 33 ஜெர்மன் போலீஸ்காரர்கள் குண்டுவெடிப்பில் இறந்ததற்குத் தலைக்குப் பத்துப் பேர் என்று நாஜிகள் கணக்குப் போட்டார்கள். ஆர்டியாட்டைன் குகைகளில் கொல்லப்பட்டவர்கள் 335 பேர். தாங்களே போட்ட கணக்குக்கும் மேலே ஐந்து உயிர்.

போர் முடிந்தபின் சட்டம் இறுகியது. கார் நிக்கோபாரில் 1945-ல் உளவுப் பழி சுமத்தி மக்களைக் கொன்றதற்காக ஜப்பானிய அதிகாரிகள் 1946-ல் சிங்கப்பூரில் விசாரிக்கப்பட்டார்கள். 1949-ன் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் 33-வது பிரிவில் கூட்டுத் தண்டனையையும் பதிலடியையும் அடியோடு தடை செய்தது. அடுத்த பிரிவு பணயக் கைதி பிடிப்பதைத் தடுத்தது.

ஆனால் அந்தத் தடை, எதிரியின் கைக்குள் அகப்பட்ட மக்களைக் காக்க வந்தது. தன் வீட்டில் இருப்பவர் தலையில் வானத்திலிருந்து விழும் குண்டுக்கு அது போதவில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1977-ல் ஜெனீவா ஒப்பந்தங்களின் முதலாம் கூடுதல் நெறிமுறை வந்தது. குடிமக்கள், அவர்களின் வீடுகள், பயிர், குடிநீர், அணை, அணுமின் நிலையம், கோயில் என எதன் மீதும் பதிலடி கூடாது என்கிறது அது. பிரிட்டன் 1998-ல் அதில் சேர்ந்தபோது, எதிரி வேண்டுமென்றே தன் மக்களைத் தொடர்ந்து தாக்கினால் திருப்பிச் செய்யும் உரிமை தனக்கு உண்டு என்று எழுதிவைத்துக்கொண்டது. அமெரிக்கா உறுப்பினராகவே சேரவில்லை.

இந்தியாவும் சேரவில்லை. எல்லையில் ஏதாவது நடந்தால் அன்று மாலையே டிவியில் பதிலடி, பதிலடி என்று முழங்குகிறோம். குற்றம் செய்தவனைத் தேடிப் பிடித்துத் தண்டிக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவன் கிடைக்கவில்லை என்பதற்காக அவன் ஊர்க்காரனை அடிக்கலாம் என்று யாராவது பேசினால், அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சொந்த மண்ணில் 44 பிணங்களாகப் பார்த்த நாடு இது. ஹம்ஃப்ரிகஞ்சில் நினைவுச்சின்னம் இருக்கிறது, ஆண்டுதோறும் அஞ்சலியும் நடக்கிறது. அந்த அஞ்சலிக்கு அர்த்தம் இருக்க வேண்டுமென்றால் 1977 நெறிமுறையில் இந்தியா சேர வேண்டும். அந்தமானின் ஒரே மக்களவை உறுப்பினர் நாடாளுமன்றத்தில் இதை எழுப்பட்டும். தமிழ்நாட்டிலிருந்து செல்லும் 39 பேரும் அவரோடு சேர்ந்து கேட்கட்டும்.