தெரிந்தும் விட முடியாதது ஏன்?

கொக்கைன், ஆம்பெட்டமைன் போன்ற கிளர்ச்சியூட்டும் போதைப்பொருள்களுக்கு அடிமையானவர், வாழ்க்கை சீரழிவது தெரிந்தும் ஏன் மீண்டும் அதையே நாடுகிறார்?

எது முக்கியம் என்று மூளைக்கு உணர்த்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை இவை பெருக்குகின்றன. அதனால் போதையும், அதை நினைவூட்டும் இடமும் ஆளும் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுகின்றன. ஆசையை அடக்குவதும் பின்விளைவை எடைபோடுவதும் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணியின் வேலை. நாள்பட்ட போதையில் அதன் பிடி தளர்கிறது. நாளைய பெரிய நன்மையைவிட இன்றைய சிறிய இன்பமே பெரிதாகிவிடுகிறது.

இந்தக் கட்டுப்பாட்டுக் குறைவு போதையால் மட்டும் வந்ததா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேரன் எர்ஷெ குழு 2012இல் 50 உடன்பிறப்பு இணைகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டது. ஒவ்வோர் இணையிலும் ஒருவர் அடிமையானவர்; மற்றவர் ஆகாதவர். தொடங்கிய செயலைச் சட்டென நிறுத்தும் சோதனையில் இருவருமே தடுமாறினர். ஆக, இந்தப் பலவீனம் முன்பே இருந்திருக்கலாம். அது இருந்தும் போதையில் சிக்காமல் வாழ முடியும் என்பதற்கு அந்த உடன்பிறப்பே சாட்சி.

அடிமையானவர்களை மீட்பது எப்படி? சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லை என்று தெரிந்தவுடன் பரிசுக் கூப்பன் தரும் முறை நல்ல பலன் தருகிறது. உடனடிப் பலனைத் தேடும் மூளைக்கு உடனடிப் பலனே மருந்தாகிறது. இவர்களைத் திட்டுவதை நிறுத்தி, சிகிச்சைக்கு அழைத்துச் செல்வோம்.