வாக்குரிமையும் சான்றும்

1991-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலின்போது நீலகிரி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் வாக்குச்சாவடி அலுவலராகப் பணியாற்றினேன். பிற்பகலில் கூட்டம் குறைந்திருந்த வேளையில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் வந்தார். துணிப்பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமீது பரப்பினார். பழைய இந்தியப் பாஸ்போர்ட் ஒன்று. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்குத் தந்த குடும்ப அட்டை. அரிசி வாங்கும் அட்டை. மடிப்புகளில் இற்றுப்போன தோட்டத்துச் சீட்டுகள் இரண்டு மூன்று. "இவ்வளவும் வேண்டியதில்லை அம்மா, பெயரைச் சொன்னால் போதும்" என்றேன். அவர் நம்பவில்லை. "நல்லாப் பாத்துக்குங்க ஐயா, எல்லாம் இருக்கு" என்றார்.

மாணவ நண்பர்களே, அந்த அம்மையார் ஏன் நம்பவில்லை என்பதைச் சொல்லவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

வாக்களிக்க வருபவரைப் பற்றி ஓர் அரசாங்கம் இரண்டு வினாக்களை எழுப்பலாம். பட்டியலில் உள்ள பெயருக்கு உரியவர் இவர்தாமா என்பது ஒன்று. இவர் இந்நாட்டின் குடிமகனா என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. நம் நாட்டில் முதல் வினாவிற்கே வாக்குச்சாவடியில் இடமுண்டு. அலுவலர் பெயரை உரக்கப் படிப்பார். வந்தவர் வேறு ஆள் என்று கருதும் கட்சி முகவர் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். 1961-ஆம் ஆண்டு விதிகளில் குறித்த அந்தத் தொகையை இன்னும் எவரும் உயர்த்தவில்லை! அப்போதும் தலைமை அலுவலர் ஆளை மட்டுமே விசாரிப்பார்; பட்டியலில் பெயர் இருக்கத்தக்கவரா என்று ஆராய அவருக்கு அதிகாரமில்லை. உங்கள் பெயரில் வேறொருவர் முன்னதாகவே வாக்களித்துவிட்டிருந்தால், நீங்கள் இன்னார் என்று மெய்ப்பித்துத் தனி வாக்குச்சீட்டுக் கேட்டுப் பெறலாம். 1993-இல் தொடங்கிய புகைப்பட அடையாள அட்டையும் இந்த முதல் வினாவிற்கே விடை கூறுவது. ஆதார் அட்டையைக் காட்டி வாக்களிக்கலாம். ஆனால் அது குடியுரிமைக்குச் சான்றாகாது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது.

இரண்டாம் வினாவோ வேறு வகையானது. நீங்கள் இன்னார் என்பதை உங்கள் முகம் சொல்லும், அண்டை வீட்டார் சொல்வர். உங்கள் தந்தையார் எங்கே பிறந்தார் என்பதை எவர் சொல்வது? காகிதம்தான் சொல்லவேண்டும். காகிதம் இல்லாதவர் என்ன ஆவார் என்பதை அறிய இலங்கையின் மலைநாட்டு வரலாற்றைப் பார்க்கவேண்டும்.

தேயிலைத் தோட்டங்களில் உழைப்பதற்காகக் கங்காணிகளின் பின்னே தமிழகத்திலிருந்து சென்றவர்களின் சந்ததியார் அங்கே இலட்சக்கணக்கில் வாழ்ந்தனர். 1931-இல் இலங்கையில் வயதுவந்தோர் வாக்குரிமை வந்தபோது, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவர்களில் பலரும் வாக்காளராயினர். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுத்தனர். நுவரெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்திருக்கவேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்கவேண்டும் என்றது அது. 1949-இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜைகளே வாக்காளர் என்று வரையறுத்தனர். சட்டத்தில் தமிழர் என்ற சொல்லோ தோட்டத் தொழிலாளர் என்ற சொல்லோ இல்லை. அது வேண்டியிருக்கவில்லை. லயத்து அறையில் பிறந்து, பிறப்புப் பதிவின்றி வளர்ந்த ஒருவரின் பாட்டனாருக்குச் சான்று எங்கே இருக்கும்? சான்று கேட்பதே போதுமானதாயிற்று.

இப்படி விடுபட்டவர்கள் விண்ணப்பிக்க 1949-இல் மற்றொரு சட்டம் இயற்றப்பட்டது. மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் 1946-ஆம் ஆண்டு பிறப்பதற்கு முன் இடைவிடாது அங்கே வாழ்ந்ததை மெய்ப்பிக்கவேண்டும். ஊருக்குப் போனவர் ஓராண்டுக்குமேல் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. செக்ரோல் என்னும் தோட்ட வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர், வேறிடத்தில் வேறு பெயர் என்றிருந்தால் அதற்கும் விளக்கம் தேவை. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. வாக்காளர் பட்டியலில் இடம் மறுக்கப்பட்ட ஒருவரின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. யார் பிரஜை என்று வரையறுப்பது அந்நாட்டு நாடாளுமன்றத்தின் உரிமை என்று 1953-இல் தீர்ப்பாயிற்று. சட்ட நோக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆயினும் 1947-இல் வென்ற தொண்டமான், மக்கள் வாக்கால் மீண்டும் நாடாளுமன்றம் புக 1977 வரை காத்திருக்க நேர்ந்தது. 1964-இல் இரு பிரதமர்களும் செய்த உடன்படிக்கையில் 9,75,000 பேர் எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சியோர் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்று. அங்கே நாடற்றவராக எஞ்சியிருந்தோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து வழிசெய்தது.

அதே 1948-இல் இந்தியா என்ன செய்தது தெரியுமா? அரசியலமைப்பே முடிவுறாத காலம். பிரிவினையால் இலட்சக்கணக்கான அகதிகள் வெறுங்கையோடு வந்துகொண்டிருந்தனர். அவர்களிடம் எந்தச் சான்றைக் கேட்பது? இவ்வூரில் நிலையாக வாழக் கருதுகிறேன் என்று அவர்களே உறுதிமொழி அளித்தால் முதல் வாக்காளர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. எத்தனை நாள் வாழ்ந்தார் என்றுகூடக் கேட்கவில்லை. அந்தப் பட்டியலும் குறையற்றதன்று. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே சொல்லித் தம் பெயரைச் சொல்ல மறுத்த ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் விடுபட்டனர். எனினும் அகதிகள் விஷயத்தில் எடுத்த முடிவை நான் பெருமையோடுதான் நினைக்கிறேன்.

குடிமக்களே வாக்காளராகலாம் என்பது நம் அரசியலமைப்பின் 326-ஆம் பிரிவு. அதில் எவர்க்கும் ஐயமில்லை. மெய்ப்பிக்கும் சுமை யார் தோளில் என்பதே பிணக்கு. ஏற்கெனவே பட்டியலில் உள்ளவரை அந்நியர் என்று ஐயுற்றால், அறிவிப்புத் தந்து, காரணம் கூறி, அவர் தரும் சான்றுகளையெல்லாம் பரிசீலித்த பின்னரே நீக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 1995-இல் கூறியது. 2025 ஜூனில் பீகாரில் தொடங்கிய தீவிரத் திருத்தத்தில், 2003-ஆம் ஆண்டுப் பட்டியலில் இல்லாதோரிடம் பிறப்பிடச் சான்றும், வயதுக்கேற்பப் பெற்றோர் சான்றும் கேட்கப்பட்டபோது இந்தப் பழைய வினா மீண்டும் நீதிமன்றம் ஏறியது. போலிப் பெயர்களும் இறந்தோர் பெயர்களும் பட்டியலில் இருக்கலாகாது, உண்மைதான். ஆனால் வெள்ளத்தில் வீடிழந்தவரும் பள்ளி காணாதவரும் பாட்டன் காலத்துச் சீட்டுக்கு எங்கே போவார் என்று கேட்காமல் நடத்தும் திருத்தம், நீக்கத்தகாதவரையும் சேர்த்து நீக்கிவிடும்.

நீலகிரியில் நான் கண்ட அம்மையார் நுவரெலியாவுக்கு அருகே ஒரு லயத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையார் 1947-இல் வாக்களித்திருந்தார். மகளுக்கு இருபத்தொரு வயதானபோது அவ்வீட்டில் ஒருவருக்கும் வாக்கில்லை. 1970-இல் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர், நாற்பது வயதைக் கடந்த பிறகே முதன்முதலாக வாக்களித்தார். இவற்றை என் மேசையருகே நின்றபடியே சொன்னார். நான் பெயரைப் படித்தேன், முகவர்கள் ஆட்சேபிக்கவில்லை. இடக்கை ஆட்காட்டி விரலை நீட்டினார். வாக்களித்துத் திரும்பியதும், மை கலையாதபடி அந்த விரலைத் தனியே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் காகிதங்களைப் பழைய வரிசை மாறாமல் அடுக்கினார். எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.