பழைய பெட்ரோல் லாரிக்குப் பொருத்தமான பிளக்கைத் தேர்ந்தெடுத்தல்

பண்ணைப்புரத்தை அடுத்துள்ள விவசாயிகள் சங்கம் ஒன்றின் கணக்குகளை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். அப்பொழுது, "லாரிக்கு ஸ்பார்க் பிளக் 4" என்ற பற்றுச்சீட்டு ஒரே வருஷத்தில் மூன்று முறை வைக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். தொகை பெரிதன்று. ஆயினும் நல்ல பிளக் ஒன்று பல ஆயிரம் மைல்கள் ஓடக்கூடியது. நான்கு மாதத்துக்கு ஒரு முறை நான்கு பிளக்குகள் எங்கே போயின? சங்கத்தின் செயலாளர் டிரைவரின் மீது ஐயம் கொண்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே ஐயம்தான். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவின்படி அந்தத் தொகையை அவரிடமிருந்தே வசூலிக்கலாமா என்று குறிப்புக்கூட எழுதிவிட்டேன். நல்ல வேளையாக, குறிப்பை அனுப்பும் முன் லாரியின் பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அங்கே கண்டதைத்தான் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

அந்த வண்டி மகிந்திரா நிறுவனத்தாரின் எப்.சி. 150 என்னும் பழைய ஜீப் லாரி. என்ஜினின் மேலேயே டிரைவர் அமர்ந்து ஓட்டும் அமைப்புடையது. அதிலுள்ளது ஜீப்புக்கே உரிய 'ஹரிக்கேன்' எனப்படும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின்; கொள்ளளவு 134 கன அங்குலம், அதாவது சுமார் 2.2 லிட்டர். நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டு முதல் டாட்டா–பென்ஸ் லாரிகள் வெளிவரத் தொடங்கிய பிறகு, பாரம் ஏற்றும் வண்டிகள் படிப்படியாக டீசலுக்கு மாறிவிட்டன. அதற்கு முன் ஓடிய டாட்ஜ், பார்கோ, செவர்லே லாரிகளிற் பெரும்பாலானவை பெட்ரோல் வண்டிகளே. அவற்றில் எஞ்சியவை இன்று மிகச் சில. பிளக் வாங்கப் புறப்படும் முன் தம் வண்டியில் இருப்பது பழைய பெட்ரோல் என்ஜினா, பின்னர் மாற்றி வைத்த டீசல் என்ஜினா என்பதை அங்கத்தினர்கள் உறுதி செய்துகொள்ள வேண்டும். டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலவற்றில் உள்ள ஹீட்டர் பிளக் முற்றிலும் வேறான பொருள்.

பிளக்கின் வேலை எளிது. காயிலிலிருந்து பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் வரும் மின்சாரம், பிளக்கின் நடுக்கம்பிக்கும் ஓரக்கம்பிக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியைத் தாண்டும்போது பொறி உண்டாகிறது. அப்பொறி பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைக் கொளுத்துகிறது. வேலை எளிதாயினும் அது நடைபெறும் இடம் கொடியது. அடிக்கும் அனலையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். கரியும் எண்ணெயும் படிந்தாலும் மின்சாரம் வழிதவறக் கூடாது. ஆகவேதான் பிளக்குகளில் இத்தனை வகைகள்.

முதலில் மரையைப் பார்ப்போம். ஜீப் என்ஜினின் பிளக் மரை 14 மி.மீ. குறுக்களவு உடையது. மரைச் சுற்று ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 1.25 மி.மீ. தூரம். அம்பாசிடர் காரின் பிளக்கிற்கும் இதே மரைதான். குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. மரை ஒன்றாயிருப்பதால் எந்தப் பிளக்கும் எந்த என்ஜினிலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஆனால் மரைப்பகுதியின் நீளம் வேறு. ஜீப் என்ஜினுக்கு உரியது 9.5 மி.மீ., அதாவது முக்கால் அங்குலத்தில் பாதி. அம்பாசிடருக்கு உரியது 19 மி.மீ., அதாவது முழு முக்கால் அங்குலம். ஒன்று மற்றொன்றைப் போல் சரியாக இரு மடங்கு.

சங்கத்தில் விலைப்புள்ளி கோரிய கடிதத்தில் "ஸ்பார்க் பிளக் 4" என்ற சொற்களைத் தவிர வேறொன்றுமில்லை. மூன்று விலைப்புள்ளிகள் வந்தன. குறைந்த விலை ஏற்கப்பட்டது. வந்து சேர்ந்தவை கார் பிளக்குகள். விதிகளின்படி எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது! டிரைவர் அனுபவசாலி, பிளக் நீளமாயிருப்பதை உடனே கண்டுகொண்டார். திருப்பி அனுப்பலாமென்று சொல்லியும் பார்த்திருக்கிறார். "பில் பாஸாகிவிட்டது, சமாளித்துக்கொள்" என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது. எனவே ஒவ்வொரு பிளக்கின் அடியிலும் கூடுதலாக இரண்டு வாஷர்களைக் கோத்து மாட்டினார்.

வாஷர் இரண்டும் சேர்ந்து சுமார் 3 மி.மீ. கனம். தேவைக்கு மேற்பட்ட நீளமோ 9.5 மி.மீ. ஆகவே 6 மி.மீ.க்குக் குறையாத பகுதி, ஏறத்தாழ ஐந்து மரைச் சுற்றுகள், சிலிண்டர் ஹெட்டின் உட்புறம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேறு சில என்ஜின்களாயிருந்தால் முதற் சுற்றிலேயே வால்வோ பிஸ்டனோ அதில் இடித்து உடைந்திருக்கும். இங்கே அவ்விபத்து நேரவில்லை, நேர்ந்தது வேறு. பிளக் தன் மீது படும் வெப்பத்தைத் தன் மரையின் வழியாகவும், அடியிலுள்ள வாஷரின் வழியாகவும்தான் ஹெட்டுக்குள் இறக்க முடியும். வாஷர் மேல் வாஷராக அடுக்கினால் அந்த வழி அடைபடுகிறது, வாயுவும் கசிகிறது. அனலில் நீட்டிக்கொண்டிருக்கும் மரையின் கூரிய விளிம்புகள் பழுக்கக் காய்ந்து, பொறி வருமுன்னரே கலவையைக் கொளுத்திவிடுகின்றன. பிஸ்டன் மேலேறிக்கொண்டிருக்கும்போதே எரிதல் தொடங்கினால், அது பிஸ்டனின் தலையில் சம்மட்டியால் அடிப்பதற்கு ஒப்பாகும்.

சமவெளியில் கோம்பைக்கும் தேவாரத்துக்கும் போய் வந்தவரையில் இது தெரியவில்லை. ஒரு நாள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போடியைத் தாண்டிப் போடிமெட்டு மலைச்சாலையில் ஏறும்போது தெரிந்தது. பதினேழு கொண்டையூசி வளைவுகள் உள்ள பாதை அது. பாதி வழியில் என்ஜின் 'டக டக' என்று தட்டத் தொடங்கி, வளைவு ஒன்றில் இழுவை அற்று நின்றுவிட்டது. பின்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஒன்று வந்துகொண்டிருந்தது. லாரியின் சக்கரத்துக்குக் கல் வைக்க உதவியாள் ஓடி இறங்கியதனால் யாருக்கும் சேதமில்லை. இவ்விவரம் எந்தப் பற்றுச்சீட்டிலும் இல்லை.

நீளம் குறைந்த பிளக்கைப் போட்டாலும் தீங்குதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூடப்படாத ஹெட்டின் மரையில் கரி நிரம்பி இறுகிவிடும். பின்னர் சரியான பிளக் வாங்கி வந்தாலும் உள்ளே ஏறாது. நீளமான பிளக்கிலோ அதன் மரையிலேயே கரி இறுகிக்கொள்ளும். கழற்றும்போது ஹெட்டின் மரையையும் பிய்த்துக்கொண்டு வரும். நம் லாரியில் அப்படித்தான் ஆயிற்று. மரையைத் திருத்த டேப் போட வேண்டியிருந்தது.

அடுத்தது பிளக்கின் வெப்பத்தரம். பிளக்கின் நுனியிலுள்ள வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாயிருந்தால் வெப்பம் மெதுவாக இறங்கும். அது சூடான பிளக். மூக்குக் குட்டையாயிருந்தால் விரைவில் இறங்கும். அது குளிர்ந்த பிளக். ஓடும்போது நுனியின் வெப்பம் ஏறக்குறைய 450 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே போனால், படியும் கரி எரிந்து போகாமல் தங்கிவிடும். 850 டிகிரியைத் தாண்டினால் முன் சொன்னபடி காலத்துக்கு முந்தியே எரிதல் நிகழும். சந்தைத் தெருவில் ஊர்ந்து செல்லும் வண்டி சூடான பிளக்கை நாடும். பாரத்தோடு மலையேறும் வண்டி குளிர்ந்ததை நாடும். நம் கம்பம் பள்ளத்தாக்கு லாரிகளோ காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் செய்கின்றன. ஆகவே தயாரிப்பாளர் குறித்த தரத்திலிருந்து காரணமின்றி விலகாமலிருப்பதே உத்தமம் என்பது என் கருத்து. எண்ணெய் குடிக்கும் என்ஜினில் கரி பிடிக்காமலிருக்கச் சூடான பிளக் போடுவதுண்டு. சில நாள் தப்பிக்க உதவும். தேய்ந்துபோன ரிங்கை அது குணப்படுத்தாது.

வெப்பத்தரத்தைக் குறிக்கும் எண்ணில்தான் படித்தவர்களே இடறி விழுகிறார்கள். நெசவாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. பருத்தி நூலில் நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும். 80-ஆம் நம்பர் 20-ஆம் நம்பரைவிட மெல்லியது. பட்டில் டெனியர் ஏற ஏற நூல் பருமனாகும். இரண்டும் நூலின் கனத்தையே சொல்லினும் திசை வேறு. பிளக்கும் அவ்வாறே. சாம்பியன் கம்பெனியின் பிளக்கில் எண் ஏறினால் சூடு கூடும். என்.ஜி.கே. பிளக்கில் எண் ஏறினால் குளிர்ச்சி கூடும். பெங்களூரில் 1951-இல் தோன்றிய மைக்கோ நிறுவனத்தின் பழைய பெட்டிகளில் 145, 175, 225 என்ற மூன்று இலக்க எண்கள் இருக்கும். அவற்றில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி. அந்நிறுவனம் 2008-இல் பாஷ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பாஷின் புதிய முறையில் அதே பிளக்குகளுக்கு முறையே 8, 7, 5 என்று எண். இங்கே எண் ஏறினால் சூடு! எனவே ஒரு கம்பெனியின் எண்ணை வைத்துக்கொண்டு மற்றொரு கம்பெனியின் பிளக்கை ஊகத்தால் வாங்கக் கூடாது. அந்தந்தக் கம்பெனியின் ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்த்தே வாங்க வேண்டும்.

ஜீப் என்ஜினுக்கு நெடுங்காலமாகக் குறிக்கப்பட்டு வருவது சாம்பியன் ஜே 8. இதில் 'ஜே' என்ற எழுத்தே 14 மி.மீ. மரையையும் 9.5 மி.மீ. நீளத்தையும் குறிக்கிறது. அதே கம்பெனியின் 'எல்' 12.7 மி.மீ.; 'என்' 19 மி.மீ. இப்பொழுது ஜே 8 சி என்று வருவது செம்பு நடுக்கம்பி உடையது, தாராளமாக உபயோகிக்கலாம். என்.ஜி.கே.யில் இதற்கு இணை பி 6 எஸ். முன்னே 'ஆர்' என்ற எழுத்துச் சேர்ந்திருந்தால் ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் மின்தடை உள்ளே இருக்கிறது என்று பொருள், அதனாலும் பழுதில்லை.

பிளக் புதியதாயினும் இடைவெளியை அளந்தே மாட்ட வேண்டும். இந்த என்ஜினுக்கு அது அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு, அதாவது 0.76 மி.மீ. பில்லர் கேஜின் தகடு லேசான பிடிப்போடு உருவி வர வேண்டும். ஓரக்கம்பியை மட்டுமே வளைக்கலாம். நடுக்கம்பியைத் தொட்டு நெம்பினால் பீங்கான் விரிந்துவிடும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது, வண்டிக்குத் தெரியும்.

பழைய பிளக்கை என்ஜின் ஆறிய பின் கழற்றுக. கழற்றுமுன் அதைச் சுற்றியுள்ள புழுதியை ஊதிவிடுக. நம் பக்கத்துச் செம்மண் சிலிண்டருக்குள் விழுந்தால் அரம் போட்டாற்போல் தேய்க்கும். வயர்களை ஒவ்வொன்றாகவே கழற்றி மாட்டுக. நான்கையும் ஒருங்கே கழற்றியவர்கள் எரியும் வரிசை 1–3–4–2 என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். புதிய பிளக்கைக் கையாலேயே கடைசி வரை திருகி, வாஷர் உட்கார்ந்த பின் ஸ்பானரால் அரைச் சுற்று இறுக்கினால் போதும். பழைய பிளக்கையே திரும்ப மாட்டினால் அவ்வளவுகூட வேண்டாம்.

கழற்றிய பிளக்கை எறிந்துவிடாமல் சிலிண்டர் வரிசைப்படி வைத்துப் பாருங்கள். நுனி காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் எல்லாம் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் மிகுதி, அல்லது சோக் மாட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் மிகு வெப்பம். 2000-ஆம் ஆண்டிலிருந்து ஈயம் கலவாத பெட்ரோலும், அண்மை ஆண்டுகளில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோலும் வந்துவிட்டன. பழைய கார்புரேட்டரில் இதனால் கலவை சற்று மெலிந்து, நுனி முன்னைவிட வெளுத்துத் தோன்றுவதுண்டு. அதைக் கண்டு பிளக்கை மாற்றுமுன் கார்புரேட்டரைச் சரி பார்ப்பது நலம்.

டிரைவர் மாட்டிய பன்னிரண்டு பிளக்குகளும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. "கேட்டால் காட்டலாமென்று வைத்திருந்தேன் சார், யாரும் கேட்கவில்லை" என்றார். குறிப்பைக் கிழித்துவிட்டு, வாஷர்கள் ஒட்டிக்கொண்டிருந்த நான்கு பிளக்குகளை நிர்வாகக் குழுவின் மேஜை மீது வைத்தேன். அன்று நிறைவேறிய தீர்மானத்தின்படி இனி விலைப்புள்ளிக் கடிதத்தில் வண்டியின் பெயர், என்ஜின் வகை, மரைக் குறுக்களவு 14 மி.மீ., நீளம் 9.5 மி.மீ., கம்பெனியின் முழு எண், எண்ணிக்கை 4 என்பன எழுதப்படும். சரக்கை எடுக்கும்போது டிரைவரும் பார்த்துக் கையொப்பமிடுவார்.

சரியான பிளக்குகளை மாட்டி, அவரோடு முன்னிருக்கையில் அமர்ந்து போடிமெட்டு வரை போய் வந்தேன். பதினேழாவது வளைவிலும் என்ஜின் தட்டவில்லை.