அலையை உடைக்கும் கற்கள்

சிவகிரியில் கடல் இல்லை. மேற்கே மலை, ஊரைச் சுற்றிக் குளங்கள். ஆயினும் அலை கரையை என்ன செய்யும் என்பதை அவ்வூர் மாணவர்கள் அறிவார்கள். குளம் நிரம்பிக் காற்றும் வீசினால், சிற்றலைகள் கரைமண்ணை ஓயாமல் அரிக்கும். அதைத் தடுக்கவே கரையின் உட்சரிவில் கல் பாவுகிறார்கள். அதற்கு அலைகல் என்று பெயர். கடலில் படகுத்துறையைக் காக்கும் அலைத்தடுப்புச் சுவர், இந்த அலைகல்லின் அண்ணன்தான்!

ஆனால் கடலுக்கு எவ்வளவு பெரிய கல் வேண்டும்? ஆர்க்கிமிடீஸ் விதியை நினைவுகொள்ளுங்கள். ஒரு டன் கருங்கல் கடல்நீரில் மூழ்கினால் ஏறத்தாழ 600 கிலோ எடைதான் காட்டும். ஆகவே அலை அதை எளிதில் புரட்டிவிடும். இன்னொரு வியப்பும் உண்டு. 2 மீட்டர் உயர அலைக்கு 1 டன் கல் ஈடுகொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே சரிவில் 4 மீட்டர் அலையைத் தாங்க 2 டன் போதாது. 8 டன் வேண்டும்! தேவையான எடை, அலை உயரத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடுகிறது. சாதாரண நாட்களில் அசையாத சுவர் புயலன்று சிதறுவது இதனால்தான்.

சென்னை இதை நேரில் கண்டது. அங்கே துறைமுகத்துக்கு 1875-இல் அடிக்கல் நாட்டினார்கள். கற்குவியலின் மேல் காங்கிரீட் கட்டிகளை அடுக்கிக் கடலுக்குள் சுவர்கள் எழுந்தன. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் அடித்த புயல் அவற்றைப் பெருமளவு தகர்த்தது. திரும்பக் கட்டியபோது, சுவரின் கடற்பக்கத்தில் காங்கிரீட் கட்டிகளை ஒழுங்கின்றிக் கொட்டினார்கள். சோம்பேறித்தனம் என்று எண்ணவேண்டாம்! வழவழப்பான சுவரில் மோதும் அலை திரும்பி வரும். இடுக்குகளுக்குள் புகும் அலையோ நுரைத்துச் சுழன்று, ஆற்றலை இழந்துவிடும். 1950-இல் பிரான்சில் உருவான நான்கு கால் காங்கிரீட் கட்டியான டெட்ராபாடும் இதே வேலையைச் செய்கிறது. கால்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் அது எளிதில் உருளாது.

அலையை வென்றாலும் மணல் விடுவதில்லை. சென்னைக் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. துறைமுக வாயிலிலும் மணல் சேர்ந்ததால், கிழக்கு நோக்கியிருந்த வாயிலை அடைத்து வடகிழக்கில் புதிதாகத் திறக்க நேர்ந்தது.

பெரிய கப்பல்களுக்கே இந்தத் தொல்லை என்றால், சிறு படகுகளின் நிலை என்ன? கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகம் உள்ளது. அதன் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து ஆழம் குறைகிறது. ஆழம் குறைந்தால் அலையின் வேகம் தளரும். ஆனால் உயரம் கூடும். பிறகு முன்புறம் சாய்ந்து உடையும். கரை திரும்பும் படகு சரியாக அந்த இடத்தில்தான் நுழைய வேண்டும். அங்கே படகு கவிழ்ந்து மீனவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள்.

சுவரை இன்னும் நீட்டும்படி அவர்கள் கேட்டு வந்ததற்குக் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? வாயில் ஆழமான நீருக்குப் போனால் அலை அங்கே உடையாது. ஆனால் மணல் வருவது நிற்காதே! எனவே குளத்தைப் போலவே துறைமுகத்தையும் தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும்.