புதுத் தளபாடத்தின் மணம்

நம் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். கலியாணத்துக்குச் சில நாட்களுக்கு முன் கட்டில், அலுமாரி, கண்ணாடி மேசை எல்லாம் புதிதாக வந்து இறங்கும். என் ராத்தாவின் அறைக்கும் அப்படித்தான் வந்தன. கதவைத் திறந்தால் மூக்கில் ஏறும் ஒரு மணம். சற்று நின்றால் கண் கரிக்கும். "புதுச் சாமான் அப்படித்தான்" என்றார் உம்மா. ஆனால் அந்த மணம் எனக்குப் பழக்கமானது. உயிரியல் ஆய்வுகூடத்தில் மாதிரிகளைப் பழுதாகாமல் வைத்திருக்கும் போமலினில் உள்ள போமல்டிஹைட் வாயுதான் இதிலும் கலந்திருக்கிறது.

தேக்கு, முதிரைப் பலகையில் செய்த பழைய அலுமாரிகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. இன்று கடைகளில் அதிகம் கிடைப்பவை எம்.டி.எப்., சிப்போர்ட் பலகைகள். மரத்தூளையும் சிறு சீவல்களையும் பெரும்பாலும் யூரியா-போமல்டிஹைட் பசையுடன் சேர்த்து, சூட்டில் அழுத்தி இவற்றைச் செய்கிறார்கள். பசையில் எஞ்சிய வாயு ஆரம்பத்தில் வேகமாக வெளியேறும். பிறகு ஈரப்பதன் பட்டுப் பசையே மெல்லப் பிரிந்து, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக வாயுவை விடும். வெப்பம் கூடினால் இதுவும் கூடும். நாவற்குடாவைப் போல வாவிக்கும் கடலுக்கும் இடையில், வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் வாழும் நாம் இதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

அமெரிக்காவின் தென்கரையும் இப்படியான வெக்கைப் பிரதேசமே. 2005 ஓகஸ்டில் கத்ரினா சூறாவளியில் வீடிழந்தவர்களை அரசு இழுவை வீடுகளில் தங்கவைத்தது. அவற்றின் உட்புறத்தில் இத்தகைய பலகைகளே நிறைந்திருந்தன. கண்ணெரிவு, இருமல், மூச்சுத்திணறல் என முறைப்பாடுகள் எழுந்தன. 2007 டிசெம்பரிலும் 2008 ஜனவரியிலும் 519 வீடுகளில் அளந்தபோது, குளிர்காலமாயிருந்தும் வாயு வழமையைவிட அதிகமாக இருந்தது. கோடை வருமுன் மக்களை வேறிடம் மாற்றுமாறு அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் கூறியது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் போமல்டிஹைட்டைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்தது. தொழிலகங்களில் நெடுங்காலம் சுவாசித்தவர்களை ஆராய்ந்தே அந்த முடிவுக்கு வந்தார்கள்; ஆகவே ஒரு அலுமாரியைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில் அலட்சியம் கூடாது.

செய்யக்கூடியவை எளியவை. வாங்கும்போது, குறைவாக வாயு விடும் 'ஈ-1' தரப் பலகையா என்று கேளுங்கள். மேற்பரப்பு மினுமினுப்பாக மூடியிருந்தாலும் அலுமாரியின் பின்புறம், அடிப்புறம், வெட்டிய ஓரம், ஆணித் துளை ஆகியவை திறந்தே கிடக்கும். வாயு அதிகம் வருவது அவற்றால்தான். அவற்றுக்கு வார்னிஷ் பூசலாம், ஓரங்களுக்குப் பட்டி ஒட்டலாம். லாச்சிகளையும் கதவுகளையும் திறந்து, எதிரெதிர் யன்னல்களையும் திறந்துவிடுங்கள். கச்சான் வீசும் காலம் இதற்கு மிக நல்லது: சூடு வாயுவை வெளியேற்றும், காற்று அதைக் கொண்டுபோகும். மாரியில் அறை அடைத்துக் கிடக்கும், ஈரமும் கூடும். அப்போது புதுத் தளபாடம் இறக்காமல் இருப்பது நல்லது.

சாதாரண வீட்டு ஏ.சி. பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிடுகிறது. வாயுவை வெளியே அனுப்பாது. மணத்தை மறைக்கச் சாம்பிராணி போடுவது இன்னும் பிழை. அந்தப் புகையிலும் போமல்டிஹைட் உண்டு. பூச்சாடிகளை நம்புவோரும் உளர். 1989இல் நாசா செய்த சோதனை மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. நாம் வாழும் அறையில் ஒரு திறந்த யன்னல் செய்யும் வேலையை நாலு செடிகள் செய்யமாட்டா.

பெற்றோரே, புதுமணப் பெண் உறங்கப்போவதும், நாளை அவள் பிள்ளையைக் கிடத்தப்போவதும் அந்த அறையில்தான். கலியாணத் திகதியைக் குறிக்கும்போதே தளபாடம் வரும் திகதியையும் ஒன்றிரண்டு மாதம் முன்னதாகக் குறித்துவிடுங்கள். அதுவரை அந்த யன்னல்கள் திறந்திருக்கட்டும்.