ஒரு டெலிபோன் பேசியிருந்தால்!

குடித்துவிட்டுக் கார் ஓட்டுகிறவரைப் பிடிப்பது போலீசாரின் வேலை. கோர்ட்டில் குற்றத்தை நிரூபிப்பது சர்க்கார் வக்கீலின் வேலை. இருவரும் கலந்து பேசாவிட்டால் என்ன ஆகும்? கையில் கிடைத்த சாட்சியமும் பறிபோகும்! அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது.

தள்ளாடிய வண்டி

2010-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 3-ந் தேதி. மிசௌரி ராஜ்யம். அதிகாலை மணி 2-08.

ஒரு டிரக் வண்டி வேக வரம்பை மீறி வந்தது. ரோட்டின் நடுக்கோட்டைத் தாண்டித் தாண்டி ஓடியது. போலீஸ்காரர் ஒருவர் அதை நிறுத்தினார்.

வண்டியை ஓட்டியவரின் கண்கள் சிவந்திருந்தன. பேச்சு குழறியது. மது வாடை வீசியது. இரண்டொரு பீர் குடித்ததாக அவரே ஒப்புக்கொண்டார்.

அமெரிக்கப் போலீசார் இந்த மாதிரி சமயத்தில் சில சோதனைகள் வைப்பார்கள். குதிகாலும் விரலும் ஒட்ட 9 எட்டு நடந்து திரும்ப வேண்டும். 30 விநாடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். இவர் சோதனைகளில் தேறவில்லை. கருவியில் மூச்சை ஊதவும் மறுத்துவிட்டார்.

ரத்தம் எடுத்தார்கள்

போலீஸ்காரர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ரத்தம் கொடுக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. ஆனாலும் 2-35 மணி சுமாருக்கு ரத்தம் எடுக்கப்பட்டது.

100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் மது இருந்தாலே அங்கே குற்றம். இவர் ரத்தத்தில் 154 மில்லிகிராம்!

வழக்கு ஜெயித்த மாதிரிதானே? அதுதான் இல்லை!

"வாரண்டு எங்கே?"

ஒருவர் உடம்பில் ஊசி குத்துவது சின்ன விஷயமா? நீதிபதியின் அனுமதி வேண்டாமா? கோர்ட்டு இப்படிக் கேட்டது.

அந்தப் போலீஸ்காரர் முன்பெல்லாம் வாரண்டு வாங்கியவர்தான். சட்டம் மாறிவிட்டது, இனி தேவையில்லை என்று நினைத்துவிட்டார். அந்த இரவில் வாரண்டு கேட்க சர்க்கார் வக்கீல் தயாராக இருந்தார். கையெழுத்துப் போட நீதிபதியும் இருந்தார். கேட்கத்தான் ஆள் இல்லை!

நேரம் ஆக ஆக ரத்தத்தில் உள்ள மது குறையும் என்பது உண்மை. ஆனால் மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம்தான் குறையும். ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் 130-க்கு மேல் இருந்திருக்கும். குற்றம் நிரூபணமாகியிருக்கும்.

2013 ஏப்ரல் 17-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. மது குறைகிறது என்பது மட்டும் வாரண்டு இல்லாமல் ரத்தம் எடுக்கக் காரணம் ஆகாது! ரத்தப் பரிசோதனை முடிவு வழக்கில் செல்லவில்லை.

கைகோத்த இருவர்

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கான்சாஸ் ராஜ்யத்தின் ஒரு பகுதியில் போலீசார் மின்னஞ்சலில் வாரண்டு கேட்பதும், 15 நிமிடத்துக்குள் அது வந்துவிடுவதும் அந்தத் தீர்ப்பிலேயே குறிப்பிடப்பட்டது. டெக்சாஸ் ராஜ்யத்தில் விடுமுறை நாள் இரவுகளில் சர்க்கார் வக்கீல்கள் விழித்திருந்து, உடனுக்குடன் வாரண்டுக்கு மனு தயாரிக்கிறார்கள். போலீசாருக்குச் சட்டம் சொல்லித்தரவென்றே பல ராஜ்யங்களில் தனி சர்க்கார் வக்கீல்கள் இருக்கிறார்கள். எதை எழுதிவைக்க வேண்டும், கோர்ட்டில் எப்படிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று பயிற்சி கொடுக்கிறார்கள்.

குடிகாரர் ஓட்டும் கார், எதிரே வருவது யார் என்று பார்ப்பதில்லை. அது வேலை முடிந்து வீடு திரும்பும் தகப்பனாக இருக்கலாம். பிள்ளையோடு வரும் தாயாக இருக்கலாம். அவர்களைக் காப்பாற்ற போலீசாரின் கண்ணும் வேண்டும். வக்கீலின் சட்ட அறிவும் வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் பயன் இல்லை!