காவலே பகையாகும் பிணி

இனிப்புநீர் என்றதும் நடுவயது கடந்தோரின் பிணி என்றே நம் மக்கள் எண்ணுவர். வகுப்பில் அடிக்கடி தண்ணீர் கேட்டும், வெளியே செல்லவேண்டும் என்று எழுந்து நின்றும் ஆசிரியரின் சினத்துக்கு ஆளாகும் மெலிந்த சிறுவனுக்கும் அது வந்திருக்கக்கூடும். முதல் வகை நீரிழிவு எனப்படும் இது, குழந்தை இனிப்பை மிகுதியாகத் தின்றதனால் வருவதன்று. தாயைப் பழித்தலும் தகாது. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா உயிரணுக்களைப் பகையென மயங்கி அழித்துவிடுகின்றது. 1921இல் கனடாவில் இன்சுலின் கண்டறியப்படும் வரை இந்நோயுற்ற குழந்தைகள் பிழைத்தல் அரிது.

காவற்படை ஏன் மயங்குகின்றது? இதனை ஆராய்வதற்கு ஒரு பெருந்தடை இருந்தது. நோய் வெளிப்படும்போது பீட்டா உயிரணுக்கள் பலவும் அழிந்துபட்டிருக்கும். கணையமோ இரைப்பைக்குப் பின்னே மறைந்து கிடப்பது. நோயாளியிடமிருந்து அதில் ஒரு துண்டை எடுத்தல் ஆபத்து. களவு முடிந்தபின் வீட்டைப் பார்ப்பவர் நிலையே ஆராய்வோர் நிலையாயிற்று. எலிகள் ஓரளவு உதவின. எனினும் எலியின் நோய் மனிதனின் நோயாகிவிடாது.

ஜப்பானிய அறிஞர் ஷின்யா யாமானாக்கா புதுவழி கண்டார். 2006இல் எலியின் உயிரணுவிலும், 2007இல் மனிதத் தோலின் உயிரணுவிலும் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அவற்றைக் கருவின் தொடக்க நிலைக்கு ஒப்பான மூல உயிரணுக்களாக்கினார். 2012இல் ஜான் கர்டனுடன் நோபல் பரிசும் பெற்றார். ரப்பர்த் தோட்டத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. முதிர்ந்த மரத்தின் கண்ணை நாற்றில் ஒட்டுக்கட்டினால் தாய்மரத்தின் குணமுடைய மரம் எழுகின்றதன்றோ? ஆனால், கண் தளிர்க்கக் காத்திருப்பது; தோலணுவோ தன் தொழில் முடிவாகிவிட்ட ஒன்று. அதனைப் பின்னோக்கித் திருப்பியதே அருஞ்செயல்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இத்துறையில் உழைத்தவர் டக்ளஸ் மெல்ட்டன். இவருடைய மக்கள் இருவருமே இந்நோயுற்றவர்கள். 2009இல் இவருடைய குழுவினர் நோயாளிகளின் தோலணுக்களை மூல உயிரணுக்களாக்கி, அவற்றிலிருந்து இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களையும் வளர்த்தனர். 2020இல் வெளியிட்ட ஆய்வில் அவ்வாறு வளர்த்த உயிரணுக்களை வேதிப்பொருளால் நலிவுறச் செய்து, அதே நோயாளியின் இரத்தத்திலிருந்து பெற்ற காவலணுக்களுடன் சேர்த்து வைத்தனர். காவலணுக்கள் பீட்டா உயிரணுக்களின்மீது பாய்ந்தன; அருகிருக்கும் ஆல்பா உயிரணுக்களை அவ்வளவாகத் தாக்கவில்லை. இரண்டும் ஒருவருடையனவாக இருத்தல் இங்கு இன்றியமையாதது. அயலாரின் உயிரணுவாயின் அயன்மை கண்டே காவலணு தாக்கும். அதனால் நோயைப்பற்றி ஒன்றும் விளங்காது. நலிவுற்ற பீட்டா உயிரணுவே தாக்குதலை வரவழைக்கின்றதோ என்னும் ஐயம் இத்தகைய ஆய்வுகளால் வலுப்பெறுகின்றது.

தமிழ்நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் வளாகத்தில் உள்ள மூல உயிரணு ஆய்வு மையத்தினரும் நோயாளிகளின் உயிரணுக்களைக் கொண்டு ஆராய்கின்றனர். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டவை மரபுவழி இரத்த நோய்கள்.

இனி, கெட்டதற்கு மாற்றாக நோயாளியின் உயிரணுவையே நடலாமா? சீனாவின் தியான்ஜின் நகரில் 2023இல் இது செய்யப்பட்டது. 25 வயதுப் பெண் ஒருவரின் கொழுப்புத் திசுவிலிருந்து ஆக்கிய இன்சுலின் உயிரணுக்களை அவர் வயிற்றுத் தசையுறையின் கீழ்ச் செலுத்தினர். 75 நாட்களுக்குப் பின் அவர் இன்சுலின் ஊசியின்றி இருந்தார் என்று 2024இல் அறிவித்தனர். மகிழத்தக்க செய்தியே. ஆயினும் அப்பெண் முன்னரே கல்லீரல் மாற்றுச் சிகிச்சை பெற்றவர். அதன்பொருட்டுக் காவற்படையை அடக்கும் மருந்தை உட்கொண்டு வந்தவர். அம்மருந்து இல்லாத குழந்தையின் உடலில் பழைய பகை மீண்டும் எழுமா என்பதற்கு அவ்வொருவரைக் கொண்டு விடை கூற இயலாது.